விண்டோஸ் நிறுவல் இமேஜும் அப்டேட் தொகுப்புகளும்: பள்ளிக் கணினி அறைகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

மலேசியாவின் செபராங் பிறையில் சில தமிழ்ப்பள்ளிகளுக்கும் டியூஷன் நிலையங்களுக்கும் கணினி பராமரித்துக் கொடுக்கிறேன். பெரும்பாலும் அலுவலகங்கள் கழித்துக் கொடுத்த கணினிகள். ஓர் அறையில் இருபது, இருபத்தைந்து இருக்கும். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து விண்டோஸ் போட்டு, தமிழ் விசைப்பலகை சேர்த்து, அப்டேட் இறக்கினால் பள்ளி விடுமுறை முழுவதும் போய்விடும். அதனால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இமேஜாக, அதாவது எல்லாக் கணினியிலும் அப்படியே நிறுவக்கூடிய ஒரே கோப்பாக, தயாரித்து இறக்குகிறோம். அந்த வேலையை இப்போது சில ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் தாங்களே செய்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

இமேஜ் என்று நீங்கள் சொல்வது எந்தக் கோப்பை?

மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் முழு நகல்) திறந்தால் ‘சோர்சஸ்’ என்ற கோப்புறை இருக்கும். அதில் இரண்டு கோப்புகள் முக்கியம். பூட்.விம் என்பது நிறுவும் நேரத்தில் மட்டும் ஓடும் சின்ன விண்டோஸ். இன்ஸ்டால்.விம் என்பது வட்டில் போய் உட்காரப்போகும் விண்டோஸ், இமேஜ் என்று நான் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். இந்த வேறுபாடு மனதில் இருந்தால் கீழே வரும் பாதிச் சிக்கல்கள் தாமாகப் புரியும். நிறுவும்போதே தடுமாறினால் பூட்.விம்மைப் பாருங்கள். நிறுவி முடித்த பிறகு தடுமாறினால் இன்ஸ்டால்.விம்மைப் பாருங்கள்.

சில ஐஎஸ்ஓக்களில் இன்ஸ்டால்.விம்முக்குப் பதிலாக இன்ஸ்டால்.இஎஸ்டி இருக்கும். அது மிக இறுக்கமாகச் சுருக்கப்பட்டது. அதைத் திறந்து மாற்ற முடியாது. விண்டோஸோடு வரும், இமேஜ்களை மாற்றும் கட்டளைக் கருவியான டிஸ்மின் ‘எக்ஸ்போர்ட்-இமேஜ்’ கட்டளையால் முதலில் விம் ஆக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இமேஜைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்று சி1510111 பிழை வருகிறது. நான் அட்மினிஸ்ட்ரேட்டராகத்தான் இருக்கிறேன்.

ஐஎஸ்ஓவிலிருந்து நகலெடுத்த கோப்பு ‘படிக்க மட்டும்’ என்ற குறியோடு வந்திருக்கும். கோப்பின் பண்புகளில் போய் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான்.

எல்லாம் சேர்த்த பிறகு இன்ஸ்டால்.விம் பெண்டிரைவில் ஏறமாட்டேன் என்கிறது. இடம் நிறைய இருக்கிறதே?

யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க முறை) கணினிகள் பூட் ஆவதற்காகப் பெண்டிரைவை ஃபேட்32 முறையில் வடிவமைத்திருப்பீர்கள். அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. பெண்டிரைவ் 64 ஜிபி என்றாலும் இதே கதைதான். மொழித் தொகுப்பும் அப்டேட்டும் சேர்த்த இமேஜ் சுலபமாக 5 ஜிபியைத் தாண்டிவிடும்.

வழி இரண்டு. டிஸ்மின் ‘ஸ்பிளிட்-இமேஜ்’ கட்டளையால் அதை 3,800 எம்பி துண்டுகளாக எஸ்டபிள்யூஎம் கோப்புகளாகப் பிரிக்கலாம். நிறுவும் நிரல் அவற்றைத் தானே சேர்த்துப் படித்துக்கொள்ளும். அல்லது ரூஃபஸ் போன்ற கருவியால் என்டிஎஃப்எஸ் முறையில் பெண்டிரைவ் தயாரிக்கலாம். நான் முதல் வழியில்தான் போகிறேன். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பிரித்த துண்டுகளை மறுபடி திறந்து மாற்ற முடியாது. பிரிப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். பிரிக்காத விம் கோப்பைத் தனியாக ஒரு வட்டில் வைத்திருங்கள்.

கடையில் ‘லைட்’ விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள். வேகமாக இருக்கிறது. ஆனால் மாதாந்திர அப்டேட் மட்டும் ஏறுவதே இல்லை. ஏன்?

இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகம் வருவது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பட்டர்வொர்த்தில் ஒரு டியூஷன் நிலையத்தில் இதே சிக்கல். பதினான்கு கணினிகள், எல்லாவற்றிலும் ஒரே இமேஜ். அப்டேட் இறங்கும், மறுதொடக்கம் ஆகும், பாதி விழுக்காடு வரை போகும், அப்புறம் மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம் என்று பழைய நிலைக்கே வந்து நிற்கும். வந்த பிழை எண் 80073712. ஒவ்வொரு மாதமும் இதேதான். சனிக்கிழமை காலை வகுப்பில் பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

80073712 என்றால் உதிரிபாகக் கிடங்கு கெட்டிருக்கிறது என்று பொருள். விண்டோஸ் கோப்புறைக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஒரு கோப்புறை இருக்கும். விண்டோஸின் ஒவ்வொரு பாகமும், அதன் விவரப் பட்டியலும் அங்கேதான் இருக்கின்றன. மாதாந்திர அப்டேட் முழுக் கோப்புகளைக் கொண்டு வருவதில்லை. அந்தப் பதிப்பு முதலில் வெளியானபோது இருந்த கோப்புக்கும் இன்றைய கோப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கொண்டு வருகிறது. அடிப்படைக் கோப்பு கிடங்கில் இருந்தால்தான் வித்தியாசத்தை அதன்மேல் வைத்துப் புதிய கோப்பை உருவாக்க முடியும். ‘லைட்’ இமேஜ் தயாரித்தவர் இடம் மிச்சம் பிடிக்க அந்தக் கிடங்கிலேயே கை வைத்திருக்கிறார். வீட்டின் அடித்தளத்திலிருந்து கல்லை உருவிவிட்டால் மேலே மாடி எப்படிக் கட்டுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வின்எஸ்எக்ஸ்எஸ்ஸின் அளவைப் பார்த்துப் பலர் பயந்துபோய் அதை அழிக்கப் பார்க்கிறார்கள். அதிலுள்ள கோப்புகள் பெரும்பாலும் சிஸ்டம்32 முதலிய இடங்களில் உள்ள அதே கோப்புகள்தான், ஒரே கோப்புக்கு இரண்டு பெயர் போல. எக்ஸ்புளோரர் இரண்டு முறை எண்ணிக் காட்டுகிறது. உண்மையான அளவு அதைவிடக் குறைவு. டிஸ்மில் ‘அனலைஸ்-காம்பொனென்ட்-ஸ்டோர்’ என்று கேட்டால் சரியான கணக்கு கிடைக்கும்.

சரி, தீர்வு என்ன? கிடங்கில் கோப்பு ஒன்றிரண்டு சிதைந்திருந்தால், அதே பதிப்பின் அசல் இன்ஸ்டால்.விம்மை மூலமாகக் கொடுத்து டிஸ்மின் ‘ரீஸ்டோர்-ஹெல்த்’ ஓட்டினால் சரியாகலாம். பாகங்களையே வெட்டி எடுத்த இமேஜ் என்றால் அதில் நேரத்தை வீணாக்காதீர்கள். அசல் ஐஎஸ்ஓவிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். பட்டர்வொர்த்தில் அதைத்தான் செய்தோம், இரண்டு நாள் பிடித்தது.

இமேஜை இலகுவாக்க வேறு வழியே இல்லையா என்றால் இருக்கிறது. முன்கூட்டியே சேர்க்கப்பட்ட ஸ்டோர் செயலிகளை டிஸ்ம் வழியாக நீக்கலாம். விளையாட்டுகள், செய்திச் செயலி போன்றவை. அதனால் அப்டேட்டுக்குப் பாதகம் இல்லை. தேவையற்ற விண்டோஸ் அம்சங்களை ‘டிஸேபிள்-ஃபீச்சர்’ கட்டளையால் அணைக்கலாம். விண்டோஸே அனுமதிக்கும் வழியில் நீக்குங்கள். கிடங்கை மட்டும் தொடாதீர்கள்.

அப்டேட் தொகுப்பை இமேஜில் சேர்த்தால் ‘இந்த இமேஜுக்குப் பொருந்தாது’ என்று வருகிறது.

முதலில் இமேஜின் பில்டு எண்ணை, அதாவது எந்த விண்டோஸ் பதிப்பு என்று காட்டும் உள் எண்ணை, பாருங்கள். டிஸ்மின் ‘கெட்-விம்-இன்ஃபோ’ காட்டும். விண்டோஸ் 10 22எச்2 என்றால் 19045. விண்டோஸ் 11 23எச்2 என்றால் 22631, 24எச்2 என்றால் 26100. 23எச்2வுக்கான தொகுப்பு 24எச்2வில் ஏறாது. பெயரில் விண்டோஸ் 11 என்று இருப்பதை மட்டும் பார்த்து இறக்குகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எக்ஸ்64, ஆர்ம்64 என்ற பிராசஸர் வகை வேறுபாட்டையும் பார்க்க வேண்டும்.

பில்டு சரியாக இருந்தும் 800எஃப்0823 வந்தால், அப்டேட்டை ஏற்றும் உள்பகுதியே பழையது என்று பொருள். சர்வீசிங் ஸ்டாக் என்பார்கள். 2021 பிப்ரவரிக்குப் பிறகு புதிய விண்டோஸ் 10 பதிப்புகளுக்கு இது மாதத் தொகுப்போடு சேர்ந்தே வருகிறது. இருந்தாலும் மிகப் பழைய ஐஎஸ்ஓவை எடுத்தால் இடையில் ஒரு தனி சர்வீசிங் ஸ்டாக்கை முதலில் போட வேண்டியிருக்கும்.

உங்கள் கணினியில் உள்ள டிஸ்மும் இமேஜைவிடப் பழையதாக இருக்கக் கூடாது. விண்டோஸ் 10 கணினியில் உட்கார்ந்து விண்டோஸ் 11 இமேஜை மாற்றுவதாக இருந்தால் மைக்ரோசாப்டின் ஏடிகே தொகுப்பில் வரும் புதிய டிஸ்மைப் பயன்படுத்துங்கள்.

24எச்2 இமேஜில் சரியான தொகுப்பைக் கொடுத்தும் ஏறவில்லையே?

24எச்2விலிருந்து ‘செக்பாயின்ட்’ முறை வந்திருக்கிறது. மாதத் தொகுப்பு, அதற்கு முன் வெளியான ஒரு செக்பாயின்ட்டை அடிப்படையாகக் கொண்டிருக்கும். முதல் செக்பாயின்ட் 2024 செப்டம்பரில் வந்த கேபி 5043080 (கேபி என்பது மைக்ரோசாப்ட் அப்டேட்டுகளுக்குக் கொடுக்கும் எண்). மைக்ரோசாப்டின் அப்டேட் கேட்டலாக் தளத்தில் இறக்கு பொத்தானை அழுத்தினால் இரண்டு, மூன்று கோப்புகள் காட்டும். பலர் பெரியதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் எடுத்து ஒரே கோப்புறையில் வையுங்கள். அந்தக் கோப்புறையில் வேறு எந்தத் தொகுப்பும் இருக்க வேண்டாம். பிறகு கடைசி மாதத் தொகுப்பை மட்டும் டிஸ்முக்குக் காட்டினால் போதும், தேவையான செக்பாயின்ட்டை அதுவே எடுத்துக்கொள்ளும்.

இதோடு இன்னொரு எச்சரிக்கை. 2024 அக்டோபர், நவம்பர் மாத அப்டேட்டுகளைச் சேர்த்துத் தயாரித்த 24எச்2 பெண்டிரைவிலிருந்து நிறுவிய கணினிகள், பிறகு எந்தப் பாதுகாப்பு அப்டேட்டையும் ஏற்காமல் போகலாம் என்று மைக்ரோசாப்டே அறிவித்தது. 2024 டிசம்பர் தொகுப்போ அதற்குப் பிந்தையதோ சேர்த்த இமேஜால் மறுபடி நிறுவுவதுதான் தீர்வு. அந்தக் காலத்தில் தயாரித்த பெண்டிரைவ் மேசை இழுப்பறையில் கிடந்தால் இப்போதே அழித்துவிடுங்கள்.

எந்த வரிசையில் சேர்க்க வேண்டும்?

மொழித் தொகுப்பு, அப்புறம் கூடுதல் எழுத்துருக்கள் போன்ற விருப்ப அம்சங்கள், அப்புறம் மாதத் தொகுப்பு. மாதத் தொகுப்பைப் போட்ட பிறகு மொழியைச் சேர்த்தால், மாதத் தொகுப்பை மறுபடி போட வேண்டும். இல்லையென்றால் புதிதாக வந்த மொழிக் கோப்புகள் பழைய நிலையிலேயே நிற்கும்.

இமேஜை மூடும்போது முழுமையாக மூட முடியவில்லை என்கிறது. செய்த வேலை போய்விட்டதா?

பெரும்பாலும் போகாது. அந்தக் கோப்புறையை எக்ஸ்புளோரரில் திறந்து வைத்திருப்பீர்கள், அல்லது கட்டளைத் திரை அந்தக் கோப்புறைக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும், அல்லது வைரஸ் தடுப்பு நிரல் உள்ளே தேடிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் மூடிவிட்டு ‘கமிட்’ (மாற்றங்களைச் சேமி) கொடுத்து மறுபடி முயலுங்கள்.

இடியோடு மழை பெய்து மின்சாரம் போய், பாதியில் கணினி அணைந்தால்தான் கவலை. பிறகு திறக்கப் பார்த்தால் ஏற்கெனவே திறந்திருக்கிறது என்று சொல்லும். ‘டிஸ்கார்ட்’ (சேமிக்காமல் விடு) கொடுத்து மூடி, ‘கிளீனப்-மவுண்ட்பாயின்ட்ஸ்’ ஓட்டி, காப்பு நகலிலிருந்து தொடங்குங்கள். நம் ஊரில் பிற்பகல் மழையை நம்ப முடியாது. யூபிஎஸ் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவும்போது வட்டே தெரியவில்லை. புதிய மடிக்கணினிதான்.

இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல மடிக்கணினிகளில் விஎம்டி என்ற வசதி இயங்கிய நிலையில் வருகிறது. எஸ்எஸ்டி அதன் பின்னால் இருப்பதால், அதற்கான டிரைவர் (வன்பொருளை இயக்கும் சிறு நிரல்) இல்லாமல் நிறுவும் நிரலுக்கு வட்டு தெரியாது. மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்தில் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர் கிடைக்கும். அதைப் பிரித்து, ஐஎன்எஃப் கோப்புகளைப் பெண்டிரைவில் வைத்து, ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் வட்டு வந்துவிடும்.

இமேஜிலேயே சேர்க்கிறவர்கள் செய்யும் தவறு, இன்ஸ்டால்.விம்மில் மட்டும் சேர்ப்பது. வட்டைத் தேடும் நேரத்தில் ஓடுவது பூட்.விம். அதற்குள் இரண்டு இமேஜ்கள் இருக்கும். நிறுவும் நிரல் இரண்டாவதில் இருக்கிறது. டிரைவர் அங்கே போக வேண்டும். இன்ஸ்டால்.விம்மிலும் போடுங்கள், இல்லையென்றால் நிறுவிய பிறகு முதல் தொடக்கத்திலேயே நீலத் திரை வரலாம்.

பூட்.விம்மில் மாதத் தொகுப்பையும் சேர்த்தீர்கள் என்றால், அதிலுள்ள செட்டப் கோப்புகளை எடுத்து ஐஎஸ்ஓவின் சோர்சஸ் கோப்புறையிலும் மாற்றி வையுங்கள். இரண்டும் வெவ்வேறு பதிப்பாக இருந்தால் நிறுவல் தொடங்கியதுமே நின்றுவிடும்.

‘மீடியா டிரைவர் இல்லை’ என்று வருகிறது, எந்த டிரைவர் என்று சொல்லவில்லை.

பல நேரம் டிரைவர் குறையே இல்லை. பெண்டிரைவை வேறு துளையில் செருகிப் பாருங்கள், யூஎஸ்பி 2 துளை இருந்தால் அதில். அதற்கும் மசியவில்லை என்றால் இறக்கிய ஐஎஸ்ஓ சிதையவில்லை என்று உறுதிசெய்ய அதன் ஷா-256 சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். 80070570 வந்தாலும் இதையே செய்யுங்கள். கோப்பு சிதைந்திருக்கிறது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். மலிவாக வாங்கிய பெண்டிரைவ் தன் கொள்ளளவைப் பொய்யாகக் காட்டுவதும் உண்டு. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு நிரல் ஒரு முறை முழுவதும் எழுதிப் படித்துச் சொல்லிவிடும்.

புதிய இமேஜ் போட்ட பிறகு பழைய தேர்வுத்தாள்கள் கலைந்து தெரிகின்றன. தமிழ் எழுத்து வருகிறது, ஆனால் பக்கம் மாறிப்போகிறது.

தமிழாசிரியர்கள் எல்லோரும் கேட்பது இது. பல ஆண்டுகளாகத் தயாரித்த தாள்கள் லதா எழுத்துருவில் இருக்கும். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் எல்லாக் கணினியிலும் தாமாக வருவதில்லை. நிர்மலா யூஐ மட்டும்தான் எப்போதும் இருக்கும். லதா இல்லாத இடத்தில் வேர்டு வேறு எழுத்துருவை வைத்துக் காட்டும். அதன் அகலம் வேறு என்பதால் வரி உடைகிறது, ஒரு பக்கத் தாள் இரண்டு பக்கம் ஆகிறது. அச்சடித்துப் பிள்ளைகள் கையில் கொடுத்த பிறகு கடைசிக் கேள்வி இல்லை என்று தெரிந்தால் அந்த ஆசிரியைக்கு எப்படி இருக்கும்!

தீர்வு சுலபம். ‘தமிழ் துணை எழுத்துருக்கள்’ என்று ஒரு விருப்ப அம்சம் இருக்கிறது. இணையம் உள்ள கணினியில் அமைப்புகளில் போய்ச் சேர்க்கலாம். இமேஜில் சேர்க்க வேண்டும் என்றால், மொழிகளும் விருப்ப அம்சங்களும் அடங்கிய தனி ஐஎஸ்ஓவை மூலமாகக் காட்டி டிஸ்மின் ‘ஆட்-கேப்பபிலிட்டி’ ஓட்டுங்கள். அந்த ஐஎஸ்ஓ உங்கள் இமேஜின் பதிப்போடு பொருந்த வேண்டும், இல்லையென்றால் மூலக்கோப்பு கிடைக்கவில்லை என்று 800எஃப்081எஃப் வரும்.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தாள்கள் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரிந்தால் அது வேறு சிக்கல். அந்தப் பழைய எழுத்துருவை நிறுவ வேண்டும், அல்லது தாளை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றிவிடுவதே நல்லது.

விசைப்பலகையையும் முன்கூட்டியே போட்டுவிடலாம். தானியங்கி நிறுவலுக்கான பதில் கோப்பில் (நிறுவும் நிரலின் கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை எழுதிய கோப்பு) உள்ளீட்டு மொழிக்கு 0409:00000409 என்று ஆங்கிலத்தைக் கொடுத்து, அரைப்புள்ளி போட்டு, 0449:00020449 என்று சேர்த்தால் தமிழ் 99 வரும். கடைசியில் 00030449 என்றால் அஞ்சல் முறை. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முறை அது, இன்று விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. இங்குள்ள ஆசிரியர்கள் பலர் அதில் பழகியவர்கள். இரண்டையும் சேர்த்துவிடுங்கள். நேர வலயத்துக்குப் பதில் கோப்பில் ‘சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட் டைம்’ என்ற ஆங்கிலப் பெயரைத்தான் கொடுக்க வேண்டும். கோலாலம்பூர் என்று எழுதினால் ஏற்காது.

ஒரே பெண்டிரைவ்தான். சில கணினிகளில் புரோ பதிப்பா ஹோம் பதிப்பா என்று கேட்காமலே ஹோம் ஏறிவிடுகிறது. கடைசியில் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட்டும் சிலவற்றில் ஓடவில்லை.

இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே. பிராண்டட் கணினிகளின் பயாஸில் தயாரிப்பாளர் வைத்த விண்டோஸ் சாவி இருக்கும். நிறுவும் நிரல் அதைப் படித்து, அந்தப் பதிப்பையே எடுத்துக்கொள்கிறது. பதில் கோப்பில் நீங்கள் உரிமம் வாங்கிய பதிப்பின் சாவியைக் கொடுத்தால் அது முந்திக்கொள்ளும். நிறுவல் முடிவில் ஓடும் ‘செட்டப்கம்ப்ளீட்’ ஸ்கிரிப்ட்டோ, தயாரிப்பாளர் சாவி உள்ள கணினியில் வேண்டுமென்றே ஓடாதபடி வைக்கப்பட்டிருக்கிறது. அதை நம்பாமல், பதில் கோப்பின் ‘ஃபர்ஸ்ட் லாகான்’ கட்டளைகளில் உங்கள் வேலையை வைத்துவிடுங்கள்.

சிஸ்ப்ரெப் ஓட்டினால் நிறுவலைச் சரிபார்க்க முடியவில்லை என்று நின்றுவிடுகிறது.

சிஸ்ப்ரெப் என்பது, எல்லாம் நிறுவிய ஒரு மாதிரிக் கணினியை இமேஜாக எடுக்கத் தயார்செய்யும் கருவி. அந்த மாதிரிக் கணினியை இணையத்தோடு விட்டிருப்பீர்கள். ஸ்டோர் செயலி ஏதோ ஒன்று உங்கள் கணக்குக்கு மட்டும் புதுப்பிக்கப்பட்டு, மற்ற எல்லோருக்குமான பட்டியலில் இல்லாமல் இருக்கும். சிஸ்டம்32 கோப்புறைக்குள் சிஸ்ப்ரெப், அதற்குள் பேந்தர், அங்கே உள்ள செட்டப்ஆக்ட் லாகில் அந்தச் செயலியின் பெயரே இருக்கும். அதைப் பவர்ஷெல்லில் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஒன்றை நீக்கினால் அடுத்தது தலைகாட்டலாம், பொறுமை வேண்டும். அடுத்த முறை மாதிரிக் கணினியை இணையத்தில் இணைக்காமலே தயாரியுங்கள்.

80070643 வருகிறது. மீட்புப் பகுதி பற்றி ஏதோ சொல்கிறார்கள்.

2024 ஜனவரியில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் கேபி 5034441 இதற்குப் பேர்போனது. மீட்புச் சூழலுக்கான (விண்டோஸ் கெட்டால் சரிசெய்ய உதவும் பகுதி) வட்டுப் பிரிவில் 250 எம்பி காலி இடம் வேண்டும். பழைய இமேஜ்கள் அந்தப் பிரிவை அதற்குப் போதாத அளவுக்குச் சின்னதாக அமைத்திருந்தன. புதிதாக நிறுவும்போது பதில் கோப்பில் அந்தப் பிரிவுக்கு 1 ஜிபி கொடுத்துவிடுங்கள், வட்டின் கடைசியில் வையுங்கள். பின்னால் பெரிதாக்குவதும் எளிது.

நன்கொடையாக வந்த கணினியில் அப்டேட்டும் இல்லை, ஆக்டிவேஷனும் இல்லை. 80072எஃப்8எஃப் வருகிறது.

கணினியில் தேதி சரியா என்று பாருங்கள். தேதி தவறாக இருந்தால்தான் பெரும்பாலும் இந்தப் பிழை வரும். மதர்போர்டில் உள்ள நாணய பேட்டரி செத்திருக்கும். சிஆர்2032, சில வெள்ளிக்கு எங்கும் கிடைக்கும்.

பழைய கணினிகளில் விண்டோஸ் 11 போடலாமா?

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால் இந்தக் கேள்வி இப்போது தினமும் வருகிறது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகளுக்கான சோதனைகளைத் தாண்டும் வழிகள் இருக்கின்றன. மைக்ரோசாப்ட் அவற்றை ஆதரிப்பதில்லை. ஆண்டுதோறும் வரும் பெரிய அப்டேட்டில் மறுபடி கையால் செய்ய வேண்டிவரும். இருபது கணினிக்கு அதை யார் செய்வது? ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ள முடிந்தால் மட்டும் இறங்குங்கள். கோர் 2 டுயோ காலத்துக் கணினிகளில் அந்த வழியும் இல்லை. 24எச்2வுக்கு எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் தெரிந்த பிராசஸர் வேண்டும், இல்லையென்றால் பூட்டே ஆகாது. அப்படிப்பட்டவற்றில் நான் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். தமிழ் 99 அதிலும் இருக்கிறது, பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிடுகிறார்கள்.

உங்களிடம் உதவி கேட்கும்போது எதை அனுப்ப வேண்டும்?

திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது போதாது. இமேஜில் வேலை செய்யும்போது தவறினால், விண்டோஸ் கோப்புறைக்குள் லாக்ஸ், அதற்குள் டிஸ்ம், அங்கே உள்ள டிஸ்ம்.லாக். அப்டேட் தவறினால் லாக்ஸுக்குள் உள்ள சிபிஎஸ் கோப்புறையில் சிபிஎஸ்.லாக். நிறுவும்போது தவறினால், ஷிஃப்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்திக் கட்டளைத் திரையைத் திறந்து, பேந்தர் கோப்புறையில் உள்ள செட்டப்எர்.லாகைப் பெண்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். சிபிஎஸ்.லாக் ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். ‘எரர்’ என்று தேடி, முதலில் வரும் இடத்துக்கு மேலே உள்ள இருபது வரிகளைப் படித்துப் பாருங்கள். விடுபட்ட கோப்பின் பெயர் அங்கேயே இருக்கும். எந்த ஐஎஸ்ஓவிலிருந்து தொடங்கினீர்கள், எந்தெந்த கேபி எண்களை எந்த வரிசையில் சேர்த்தீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். நான் ஒவ்வொரு இமேஜோடும் ஒரு சிறு உரைக் கோப்பில் இதைத் தேதி போட்டுக் குறித்து வைக்கிறேன்.